பின்சுவரில் பொருத்தாத மூடி

மழை பிடித்ததும் கட்டிலுக்கடியில் கிடந்த உன் படகு மூடியை வெளியே இழுத்தேன். எவ்வளவு துடைத்தாலும் அதன் ரப்பர் வளையத்திலிருந்து படகு வார்க்கும் ரெசின் பசையின் நெடி போகவில்லை. அந்த நெடியோடுதான் நீ நீர்கொழும்பிலிருந்து லீவுக்கு லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருவாய்.

அங்கே வேலைத்தளத்தில் நீ செய்தது மீன்பிடிப் படகல்ல. துடுப்பு வலித்தே பெருங்கடலைக் கடக்க ஆசைப்படும் வெளிநாட்டுக்காரர்களுக்கான படகு. நம் லயத்து வரிசைவீட்டு வாசலில் குச்சியால் வரைந்து காட்டினாய்: முன்னும் பின்னும் சறுக்கும் இருக்கை, கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின், முனையில் இருவர் படுக்க ஓர் அறை.

"கவுந்தாலும் தானா நிமிந்துரும் மச்சான். வாசல் அடைபட்டா கூரையில இன்னொரு மூடி இருக்கு."

"ரெண்டு பேரு படுக்க ரெண்டு வழியா?"

"நம்ம லயத்துல ஒரு காம்பிராவுக்குள்ள ஆறு பேரு. ஒரு கதவு." நீ சிரிக்கவில்லை.

அடுத்த லீவில், கீறலுக்காகக் கழித்துப்போட்ட இந்த மூடியைத் தோளில் சுமந்து வந்தாய். உங்கள் வாசலுக்கு எதிரே மண்மேடு. பின்சுவருக்கு வெளியே வெட்டவெளி. மூடியைப் பொருத்தப் பின்சுவரில் துளை போடத் தொடங்கினாய்.

"மலையில படகு விடப் போறியாடா?" என்று லயமே சிரித்தது.

வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்தார். "சுவரு ஒங்கப்பன் கட்டினதா?"

"எங்காளுங்க கட்டினதுதாங்க. பேரு மட்டும் கம்பெனிது."

துளை போட்டால் உன் அம்மாவுக்கு வேலை இல்லை என்றார். உளியைக் கீழே வைத்தாய்.

மேடு சரிந்த அன்று உன் அம்மா கொழுந்து எடுக்கப் போயிருந்தார். நீ காய்ச்சலில் தனியாகப் படுத்திருந்தாய். வாசலைக் கூரைவரை அடைத்த சேறு உள்ளேயும் புகுந்துவிட்டது. நாங்கள் பின்னால் ஓடிக் கருங்கல் சுவரை உடைத்தோம். பாதியில் விட்ட அதே துளையடியில் கிடந்தாய். கையில் உளி.

இயற்கை அனர்த்தம் என்றார்கள் பார்க்க வந்த பெரியவர்கள். துளை போடாதே என்றது இயற்கையா?

எங்களை வேறு லயத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பெயின்ட் புதிது. கதவு ஒன்றுதான். ஆசைக்குக் கடல் கடப்பவனின் உயிருக்கு எத்தனை பேர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்! நமக்கு ஒரு ஓட்டையைக்கூட யாரும் யோசிக்கவில்லை.

இன்று பின்சுவரில் மூடியை வைத்துக் கரியால் சுற்றிக் கோடு போட்டேன். இப்போது எங்களோடு இருக்கும் உன் அம்மா பார்த்துவிட்டார்.

"அழிச்சிருய்யா. கண்டாக்கு பாத்தா நாளைக்கு வேலை குடுக்கமாட்டாரு."

அழித்தேன்.

எந்த அறைக்குள் போனாலும் முதலில் பின்சுவரைத்தான் பார்க்கிறேன். இந்த மூடியும் அந்தப் பழக்கமும்தான் நீ விட்டுப்போனவை. இரண்டும் எனக்கு உதவவில்லை.