நீ திறந்து வைத்திருந்த ஃபைல்

இன்று காலை, லேபிள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, இது இன்னாவோ சொல்லுதுக்கா.” போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில், ஃபைல்களைத் திருத்தும் நம் பழைய எடிட்டர் எச்சரித்துக்கொண்டிருந்தது: இந்த ஃபைலை ஏற்கெனவே வேறொருவர் திறந்திருக்கிறார். திறந்தவர் என்ற இடத்தில் உன் பெயர். தேதி, நீ காய்ச்சலோடு பாதியில் வீட்டுக்குப் போன நாள்.

நீ சேமிக்காமல் விட்டதை மீட்டுப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கலரின் பெயரில் எழுத்துப்பிழை திருத்தியிருந்தாய், அவ்வளவுதான். சேமித்தேன். “யாருக்கா இவங்க?” என்றாள் அந்தப் பெண். “இங்க வேலை செஞ்சவங்க” என்றேன். என் தோழி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில் இந்த ஷூ கம்பெனியில் சேர்ந்தோம். நீ விரிஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாய், நான் ஆம்பூரிலேயே நடந்து வருவேன். பெட்டியில் ஒட்டும் லேபிளுக்கான சைஸ், கலர், பார்கோடு எல்லாம் சர்வரில் எழுத்து ஃபைல்களாக இருந்தன. அவற்றைத் திறக்க அந்த எடிட்டர் ஒன்றுதான் வழி. மவுஸ் கிடையாது. கோலன் போட்டு ‘e’ அடித்தால் ஃபைல் திறக்கும். அதோடு ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தால், அதுவரை செய்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுத் திறக்கும். ‘r’ அடித்தால் ஒரு ஃபைலுக்குள் இன்னொரு ஃபைலைக் கொண்டுவந்து கொட்டும். முதல் வாரமே நான் ஒரு காலை முழுக்கச் செய்த வேலையைத் தொலைத்தேன். ‘மாற்றங்களைச் சேமிக்கவில்லை, மீறிப்போக ஆச்சரியக்குறி சேர்க்கவும்’ என்று அது சொன்னது. சொன்னபடி சேர்த்தேன். எல்லாம் போனது.

நான் அழுதுகொண்டிருந்தபோது நீ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். “ஏன்டி பயப்படுற? அது திட்டலடி, கேக்குது. இன்னா கேக்குதுன்னு படி” என்றாய். உனக்கு மட்டும் அது கேள்வியாகத் தெரிந்தது. எனக்கு அது எப்போதும் திட்டாகத்தான் தெரிந்தது. நாம் படித்தது ஒரே படிப்பு, வாங்கியது ஒரே சம்பளம். நீ எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாய். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு உன் மேல் எரிச்சல் கூடியது.

மேனேஜர் நம் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். நான் எழுந்து நிற்பேன். “அந்தப் பொண்ணு எங்கம்மா?” என்று உன்னைத்தான் தேடுவார். என் அம்மாகூட உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “அது இன்னா சுறுசுறுப்பு! கத்துக்கயேன்” என்றாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. நம் செக்‌ஷனின் இன்-சார்ஜ் அக்கா கல்யாணமாகி வேலையை விட்டபோது, அந்த இடம் உனக்குத்தான் என்று பேக்கிங்கில் இருக்கிறவர்கள் வரை பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. நீ ஃபைலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாய். மேனேஜர் அவசரமாக வந்தார். நீ இல்லாததால் என்னிடம் சொன்னார். முப்பத்தெட்டாம் சைஸுக்கு நேரே பார்கோடு எண் தப்பாக இருக்கிறது, மாற்று என்றார். நான் என் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்தேன். நீ திறந்து வைத்திருக்கிறாய் என்று எடிட்டர் எச்சரித்தது. மீறித் திறந்து, திருத்தி, சேமித்தேன். நீ திரும்பி வந்து உன் வேலையைச் சேமிக்கப் போனபோது அது உன்னைக் கேட்டது: நீங்கள் திறந்த பிறகு இந்த ஃபைல் மாறியிருக்கிறது, இதன் மேலேயே எழுதவா?

நீ அங்கிருந்தே கேட்டாய். “ஏய், இத்தத் தொட்டியாடி?”

“இல்லியே” என்றேன்.

“அப்ப பேக்கப் ஓடியிருக்கும்” என்று நீ, எழுது என்பதற்கு ‘y’ அழுத்தினாய். என் திருத்தம் போய், பழைய தப்பு திரும்ப வந்து உட்கார்ந்தது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் நீ அதை எனக்கு விளக்கியிருந்தாய். தெரிந்தேதான் சொன்னேன்.

கன்டெய்னர் ஏற்றும்போது கண்டுபிடித்தார்கள். பெட்டிகளையெல்லாம் இறக்கி, லேபிளைக் கிழித்து, புதிதாக ஒட்டினார்கள். மூன்று நாள் பேக்கிங் பெண்கள் நிமிரவில்லை. மேனேஜர் நம் இருவரையும் நிற்க வைத்தார். “நான் திருத்திட்டேன் சார். அவதான் மேல எழுதிட்டா” என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் உன் பக்கம் திரும்பினார். “வார்னிங் வந்துச்சா இல்லியா?” நீ என்னை ஒருமுறை பார்த்தாய். “வந்துச்சு சார். கவனிக்கல” என்றாய்.

இன்-சார்ஜ் நாற்காலி எனக்கு வந்தது. உட்கார்ந்த பிறகும் ஏதாவது சிக்கினால் உன்னைத்தான் கூப்பிட்டேன். நீயும் வந்தாய்.

அடுத்த வருடம் கம்பெனியிலிருந்து ஏலகிரிக்குக் கூட்டிப்போனார்கள். படகுக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டே விட்டேன். “அன்னிக்கு ஏன்டி நீ சொல்லல?”

“சொன்னா ரெண்டு பேரும் திட்டு வாங்கணும். ஒருத்தி போதும்னு வுட்டுட்டேன்” என்றாய். பிறகு, வரிசை நகருது, போ என்று என் முதுகைத் தள்ளினாய்.

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான். இதைக்கூட இவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாளே என்று படகு கரைக்கு வரும்வரை உன்னோடு பேசவில்லை.

உன் காய்ச்சல் எட்டு நாளில் உன்னையும் கொண்டுபோய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான் ஒருமுறைதான் வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. உன் வீட்டு வாசலில் பேக்கிங் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நீ பண்ணியதாக எல்லோரும் நினைத்த தப்பால் மூன்று நாள் முதுகு ஒடிந்தவர்கள் அவர்கள். நான் செத்தால் இவர்களில் யாராவது வருவார்களா என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அங்கேயும் அதே பொறாமைதான், பார்த்துக்கொள்.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். “அது எப்பவோ முடிஞ்ச கதைம்மா, வேலையப் பாரு” என்றார். மனசு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரத்துக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்மா. எம்பொண்ணு அப்பவே சொல்லிச்சு. ‘அவளுக்கு என்மேல வயித்தெரிச்சல்மா, ஆனா என்னைத் தவிர அவளுக்கு வேற தோஸ்த் இல்ல, நான் வேற பேசாம இருந்தா இன்னா பண்ணுவா’ன்னு.”

டீ போட்டுக் கொடுத்தார்கள். குடித்தேன்.

அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. இந்தப் புதுப் பெண் எதையாவது சட்டென்று பிடித்துக்கொண்டால் எனக்குள் அது எழுந்து உட்காருகிறது. ஆனால் உன் மேல் இருப்பது வேறு. செத்தவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். உன்னிடமிருந்து நான் வாங்கிக்கொள்ளாமல் எனக்கே எனக்கென்று வைத்திருந்தது அந்தப் பொறாமை ஒன்றுதான். அது போய்விட்டால் நீயும் போய்விடுவாயோ என்று, விடாமல் வைத்திருக்கிறேன்.