பெக்கிஷ் என்றால் எவ்வளவு பசி

அன்புள்ள சின்னவளுக்கு,

வாரத்துக்கு நாலு தடவை போனில் முகம் பார்த்துப் பேசிவிட்டு இப்போது கடிதம் வேறா என்று சலித்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு, முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வராத விஷயம். நாங்கள் நலம், நீயும் நலம் என்று இந்த முறை நானாக எழுதிக்கொள்ளவில்லை, உன்னிடமே கேட்கிறேன். அப்பாவுக்குக் கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். பட்டறைக்குப் போக இன்னும் இரண்டு மாதமாகும் என்று டாக்டர் சொன்னதற்கு, "அவருக்கென்ன, அவர் காலா உடைஞ்சுது" என்று எங்களிடம் கத்துகிறார். அக்கா பையனுக்குப் பல் முளைத்திருக்கிறது, தூக்குகிறவர் விரலையெல்லாம் கடிக்கிறான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. வருகிறவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் படிவத்தில் எழுதுவதுதானே என் வேலை. ஒரு வாட்ச்மேனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். "ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலைம்மா, கண்ணை இருட்டுது" என்றார். நான் 'பெக்கிஷ்' என்று எழுதினேன். உன் மெசேஜில் அடிக்கடி பார்த்து, பசிக்கு நாகரிகமான சொல் இதுதான் போலிருக்கிறது என்று மனதில் எடுத்துவைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் என்ற பெருமை இன்னும் போகவில்லை பார். டாக்டர் படிவத்தோடு கவுண்டருக்கே வந்துவிட்டார். "ஏம்மா, இவர் என்ன டீ பார்ட்டிக்கா வந்திருக்காரு? மதியம் நல்லா சாப்பிட்டுட்டு, நாலு மணிக்கு ஒரு பிஸ்கட் கிடைச்சா தேவலைன்னு தோணும் பாருங்க, அதுக்குச் சிரிச்சுக்கிட்டே சொல்ற வார்த்தை இது. மயங்கி விழுந்தவருக்குப் போடலாமா?" என்றார். "விடுங்க டாக்டர், அக்கா பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துடுவாங்க" என்று நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தபடி வேறு படிவம் எழுதினேன், காது மட்டும் சுட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் உன் மெசேஜ்களை எடுத்துப் பார்த்தேன். லேசான பசிதானே என்று முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலை பத்துக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை, ராத்திரி ஒருமுறை அதையே எழுதியிருக்கிறாய். நடுவில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டிருந்தால் அந்தச் சொல் மாறியிருக்காதா? புதன்கிழமை 'செம பெக்கிஷ்' என்று இருந்தது. லேசான பசிக்கு முன்னால் யாராவது செம போடுவார்களா, கண்ணு? அப்பா விழுந்த நாளிலிருந்து, எனக்குப் பணம் எதுவும் அனுப்பாதீங்க, படிப்போட இங்க காலேஜ் லைப்ரரியில பார்க்கிற வேலையே போதும் என்றாய். நானும் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது.

ஒன்று சொல்கிறேன், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டலில் மாதக் கடைசியானால் நான் மெஸ்ஸுக்குப் போகமாட்டேன். கூப்பிட வருகிறவளிடம் தலைவலி என்பேன். ஒரு வருஷம் முழுக்க எனக்குத் தலைவலி. வீட்டுக்கு மட்டும் சாப்பாடு பிரமாதம் என்று எழுதினேன். படிக்கத் தெரியாத என் அப்பா பக்கத்து வீட்டில் கொடுத்து அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். அதனால்தான் மெசேஜ் முடிவில் நீ போடும் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெறும் காபியில் நாளை ஓட்டாதே, இரண்டு முட்டையாவது வேகவைத்துக்கொள். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் கைத்தடியோடு பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். நான் அனுப்புவதைத் திருப்பி அனுப்பாதே, அது என் சம்பளம், என் இஷ்டம். ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் போட்டுக்கொள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

பி.கு.: எழுதலாமா வேண்டாமா என்று இதுவரை தள்ளிப்போட்டது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு. பேச வேண்டாம், நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை மட்டும் போனை வைத்துவிடாதே.