தகரக் குழாயும் முனியனும்

சனி. விடியலேர்ந்து மழ. ரப்பர் பால்வெட்டு இல்ல.
மழ விட்டதும் சைக்கிள்ல ராசா டவுனுக்குப் போனேன். கடையில ரேடியோ பொட்டி. வெள்ளக்காரன் ஒருத்தன் பந்தாட்டத்த வாயாலயே ஓட்டுறான். பாதி புரியல, ஆனா ஒடம்பு சிலுத்துப் போச்சு. நாளைக்கு நம்ம தோட்டத்து ஆட்டத்துக்கு நானும் சொல்லணும். எங்கள வேல வாங்குற மண்டோர்கிட்ட கேட்டேன். காலைல பெரட்டுல பேர் கூப்புடுற தகரக் குழாய குடுத்தாரு. "ஒடச்சிடாத லா."

ஞாயிறு. வெயில்.
சொன்னேன். தொண்ட கிழிய. "முனியன் பந்த எடுத்துட்டாரு!" அக்கா புருஷன், முனியன் மச்சான். ஓடிக்கிட்டிருந்தவரு டக்குன்னு நின்னு, கைய தூக்கி, "வந்தேன்".
பந்து போச்சு.
அவரு என்ன செய்வாரு. பெரட்டுல அந்தக் குழாயில பேர் வந்தா "வந்தேன்" சொல்லணும், இல்லன்னா அன்னிக்கி சம்பளம் இல்ல. கொஞ்ச நேரத்துல கோவிந்தனும் நின்னான். எப்படியோ ஜெயிச்சோம். அடுத்த ஞாயிறு லாபு தோட்டத்துக்காரங்களோட கப்பு ஆட்டம்.
மண்டோர் குழாய புடுங்கிட்டாரு. "ஒன் வாயாலயே கப்பு போயிடும்டா."


செவ்வாய். கொசு.
யோசன வந்துடுச்சு. பேர் வேணாம், பட்டப்பேர். கோவிந்தன் – ஆப்பம். கோல்காரன் – எரும (அவனே கேட்டு வாங்குனது). மச்சான் – கருவாடு.
"எனக்கு மட்டும் ஏன் மாப்ள கருவாடு?"
அக்கா: "பொருத்தமாத்தான் வச்சிருக்கான்."

வியாழன்.
சாயங்காலம் மண்டோர் முன்னால சொல்லிக் காட்டுனேன். ஒருத்தரும் நிக்கல. மண்டோரே சிரிச்சுட்டாரு. "ஒரு பேர் வெளிய வந்துச்சு, குழாய ஒந்தலையில கவுத்துடுவேன்." குழாய் எங்கிட்ட!! சட்டை தொவைக்கணும்.

ஞாயிறு. மேகம்.
பாடாங் தெடல் பூரா ஆளு. லாபுகாரங்க லாரியில.
ஆளுக்கு ஒரு கோல். முடியப்போற நேரம். கருவாடு பந்தோட ஓடுறாரு, கோலுக்குக் கிட்ட. எனக்கு ஆப்பம், கருவாடு எல்லாம் மறந்துபோச்சு. "முனியா, அடி!"
செத்தேன். கண்ண மூடிக்கிட்டேன்.
"வந்தேன்"ன்னு சத்தம்.
தொறந்து பாத்தா, கைய தூக்கி நிக்கிறது லாபு கோல்காரன். அவன் பேரும் முனியனாம். பந்து அவன் காலுக்கு நடுவால உள்ள.
மச்சான் ஏன் நிக்கல? காதுல பஞ்சு. அக்கா வேல. "எந்தம்பி வாய் எனக்குத் தெரியாதா."
கப்பு நம்மளுக்கு. மண்டோர் குழாயக் கேக்கவே இல்ல. நானே கொண்டுபோய் குடுத்தேன்.

திங்கள். பனி.
பெரட்டு. குழாயில "முனியன்". சத்தமே இல்ல. மறுபடி "முனியன்". மச்சான் சிரிச்ச மொகமா நிக்கிறாரு. பஞ்ச இன்னும் எடுக்கல. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க.
நாந்தான் சொன்னேன். "வந்தேன்."