தொங்கும் கத்தி

சோங்கோல் மேய்ச்சல்வெளி,
ஜூலை 9

அன்புள்ள குல்பாரா,

நானும் குதிரையும் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? மகளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

ஒரு வேடிக்கை கேள். ஊரில் செருகுவதுபோல் கத்தியை இடுப்புவாரின் முன்பக்கம் இறுக்கிச் செருகியிருந்தேன். முந்தாநாள் குதிரையேறக் குனிந்தபோது பிடி வயிற்றில் முட்டி, கத்தி உறையைவிட்டு எகிறியது. நான் பாய்ந்து பிடித்தேன்.

குதிரைப்பால் கறக்கும் தமிரா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "விழுற கத்தியை எவனாச்சும் பிடிப்பானாடா? காலை நகத்திக்கிட்டு வேடிக்கை பாக்க வேண்டியதுதானே!"

அன்றிலிருந்து அவர் இடுப்பையே கவனிக்கிறேன், தப்பாக நினைக்காதே. அவர் கத்தி பக்கவாட்டில் ஒரு சாண் வாரில் தொங்குகிறது. குதிரையேறினால் தானே விலகுகிறது. சம்மணமிட்டால் கம்பளத்தில் படுத்துக்கொள்கிறது. பாதிப் பிடியையும் உறை விழுங்கியிருப்பதால், தலைகீழாக ஆட்டினாலும் விழவில்லை.

"இதை எங்கக்கா வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு உறை தைக்க எம் புருஷன் கூடவே இருக்கான். உனக்கு யாரு இருக்கா?"

என் பழைய பூட்ஸை வெட்டி அப்படியொன்று தைத்து அனுப்பு. கடையில் கொடுக்காதே, நீயே தை.

கடிதத்தைக் கொண்டுபோகும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். எழுத்து கோணலென்று அம்மாவிடம் காட்டிச் சிரிக்காதே. என் இடது கை எழுதும் முதல் கடிதம் இது.

உன்
மெலிஸ்