அத்தை வீடு இருக்க விடுதி எதற்கு

ஆகஸ்ட் 9

மகனோடும் பேத்தியோடும் இன்று அந்த அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளைகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, போன இடத்திலும் கவனித்துக்கொள்கிற நிறுவனமாம். கண்ணாடிக் கதவு, வழுக்குகிற தரை, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண். எடுத்த எடுப்பிலேயே "சொல்லுங்க பாட்டி" என்றாள். இவளுக்கு நான் எந்த வகையில் பாட்டி?

பேத்திக்கு விடுதியில் அறை எடுக்கச் சொன்னாள் கோட்டுக்காரி.

"அதே ஊர்ல என் மக இருக்கா. இவளுக்குச் சொந்த அத்தை. அத்தை வீடு இருக்க விடுதி எதுக்கு?"

"முதல் வருஷம் விடுதியில இருந்தா நல்லது பாட்டி. சொந்தக்காரங்க வீடுன்னா சில சமயம்..."

"சில சமயம் என்ன?"

விண்ணப்பத்தை என் மகன் பக்கம் நகர்த்தினாள். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் பெற்று வளர்த்தவள். என் பிள்ளைகளைப் பற்றி இவள் எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம்.

ஆகஸ்ட் 30

பேத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். கிளம்பும்போது சொல்லி அனுப்பினேன்: "அத்தை வீட்டுல விருந்தாளி மாதிரி உக்காந்திருக்காத. கேக்குறதுக்கு முன்னாடி செய்யணும். நம்ம வளர்ப்பைப் பத்தி ஒரு சொல் வரக்கூடாது." தலையாட்டினாள். கூச்சப்படாமல் வேலை வாங்கு, உன் அண்ணன் பெண்தானே என்று மகளிடமும் போனில் சொன்னேன்.

செப்டம்பர் 17

மகள் போனில் கொதித்தாள். நிறுவனத்தின் ஆள் ஒருத்தி அந்த ஊரிலும் இருக்கிறாளாம். புதிதாக வந்த பிள்ளைகள் தங்கும் இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். வீட்டுக்குள் வந்து, எங்கே படுக்கிறாய், எதில் உட்கார்ந்து படிக்கிறாய் என்று பேத்தியைக் கேட்டாளாம்.

"என் வீட்டுல சோதனை போடுறாங்கம்மா. நான் என்ன திருடியா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்க இவர்கள் யார்?

அக்டோபர் 5

பேத்தி இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை. "நல்லா இருக்கேன் பாட்டி" என்கிறாள், வைத்துவிடுகிறாள். பின்னால் மகளின் குழந்தைகள் கத்துகிற சத்தம்.

அக்டோபர் 21

போய்விட்டாள்! பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த நிறுவனக்காரியோடு காரில் ஏறிப் போய்விட்டாளாம். மகள் அழுகிறாள். பேத்தி போனை எடுக்கவில்லை. எங்கே இருக்கிறாள்? யாரோடு? பாவிகள், வீட்டுப் பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அக்டோபர் 22

விடிந்ததும் அலுவலகம். கோட்டுக்காரி எழுந்து நின்றாள்.

"உக்காருங்க பாட்டி."

"உக்கார வரல. என் பேத்தி எங்க?"

"பத்திரமா இருக்காங்க. பல்கலைக்கழக விடுதியில. அதுக்கு மேல அவங்க சம்மதம் இல்லாம நான் சொல்லக்கூடாது."

"நான் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பத்தி எனக்கே ரகசியமா?"

"அவங்களே உங்களைக் கூப்பிடுவாங்க."

"நீ கூப்பிட்டா வீட்டை விட்டு வர்றா. நான் கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேங்கிறா. நல்ல மருந்து வச்சிருக்கம்மா நீ!"

வாசலில் காத்திருந்த பெற்றோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன். அவள் முகம் கோணவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அக்டோபர் 23

மகன் முடிவு சொல்லிவிட்டான். பேத்தி அத்தை வீட்டுக்குத் திரும்பவேண்டும், இல்லையென்றால் டிக்கெட் போட்டு ஊருக்கே அழைத்துவிடுவான். படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நானும் சரி என்றேன். மருமகள் மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 26

மருமகள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பேத்தி.

காலையில் குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பள்ளியில் விடுவது இவள்தானாம். அதன் பிறகு பேருந்து பிடித்துப் போனால் முதல் வகுப்பு முடிந்திருக்குமாம். சாயங்காலம் சமையல், பாத்திரம். படுக்கை குழந்தைகள் அறைத் தரையில். படிப்பதற்கு இஸ்திரி மேஜை, அதுவும் துணியெல்லாம் தேய்த்த பிறகு. வகுப்புக்கு இப்படி வராமல் இருந்தால் விசாவே போய்விடும் என்று பல்கலைக்கழகத்தில் எச்சரித்துவிட்டார்களாம். அந்த நிறுவனக்காரிதான் கூடவே போய்ப் பேராசிரியரிடம் பேசி, தவறிய தேர்வை மறுபடி எழுத வழி செய்து, விடுதியில் இடமும் பிடித்துக் கொடுத்தாளாம்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"கேக்குறதுக்கு முன்னாடி செய்யணும்னு நீங்கதானே சொன்னீங்க பாட்டி. செஞ்சேன். எப்ப நிறுத்தணும்னு நீங்க சொல்லவே இல்ல."

என்னிடமே எதிர்ப்பேச்சு! பட்டென்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 27

இஸ்திரி மேஜை.

அக்டோபர் 28

மகளைக் கூப்பிட்டேன்.

"சோறு போட்டேன், இடம் கொடுத்தேன். கொஞ்சம் ஒத்தாசை பண்ணினா தேய்ஞ்சா போயிடுவா? வேலை வாங்குன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"வேலை வாங்குன்னேன். படிப்பைப் பிடுங்குன்னு சொன்னேனா?"

"எனக்கு ஷிஃப்ட் வேலை. பிள்ளைங்களை யார் பாக்குறது? மகளைவிடப் பேத்தி பெருசாப் போயிட்டாளா உங்களுக்கு?"

கேட்டுவிட்டு அவளே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மகன் டிக்கெட் பேச்சை எடுத்தான்.

"டிக்கெட்டாவது கிக்கெட்டாவது. அவ விடுதியிலயே இருந்து படிப்பா."

"போன வாரம் நீங்கதானேம்மா சரின்னு..."

"இப்பவும் நான்தான் சொல்றேன். போய்க் கை கழுவிட்டுச் சாப்பிட உக்காரு."

நவம்பர் 14

கோட்டுக்காரி போன் செய்தாள். பேத்தி மறுதேர்வில் தேறிவிட்டாளாம். என்னிடம் மட்டும் எதையும் சொல்லலாம் என்று பேத்தி சம்மதம் கொடுத்திருக்கிறாளாம். "சந்தோஷமா பாட்டி?" என்றாள். "உன் வேலையைத்தானே செஞ்ச" என்று வைத்துவிட்டேன். நன்றி கிடையாது. என் மகளைப் பற்றி முதல் நாளே சரியாக நினைத்தவள் அவள். அதை எப்படிப் பொறுப்பேன்?

பிப்ரவரி 2

மகள் குழந்தைகளோடு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இளைத்துவிட்டாள். குழந்தைகளைப் பார்க்க ஆள் கிடைக்காமல் வேலையை விட்டுவிட்டாளாம். மகனிடம் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தட்டு வைத்தேன், தண்ணீர் வைத்தேன். பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் பேத்தி கூப்பிட்டாள். மகள் கூடத்தில்தான் இருந்தாள். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள், கையைக்கூட லேசாக நீட்டினாள். நான் போனை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

பேத்தி ஆய்வுக்கூடத்தில் எதையோ உடைத்துவிட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாதி எனக்குப் புரியவில்லை. கதவின் அடியில் மகளின் நிழல் தெரிந்தது, நகராமல்.

"அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு" என்றேன் பேத்தியிடம்.