பத்து கிலோமீட்டரும் ஒரு டம்ளர் டீயும்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். உன் அப்பாவின் கை எலும்பு கூடிவிட்டது; வாய்க்கு எப்போதுமே ஒன்றும் ஆனதில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். இதையாவது கட் பண்ண முடியாது.

நீ கண்மண் தெரியாமல் ஓட்டிப் படகைக் கவிழ்த்து அவர் கையை முறித்தாய் என்று ஊரே முடிவு கட்டியதும், படகுச் சங்கம் ஏரிக்கரையில் அறிவிப்புப் பலகை நட்டது: ‘மணிக்குப் பத்து கிலோமீட்டர்’. நட்டவர் சங்கச் செயலாளர், அதாவது உன் அப்பா. இங்கே எந்த மோட்டார் படகிலும் வேகம் காட்டும் முள் கிடையாதே! அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். ஓட்டுபவர் முன்னால் விளிம்பு வரை டீ ஊற்றிய டம்ளர் இருக்க வேண்டும். சிந்தினால் வேகம் அதிகம். சிந்தியவர் படகு ஒரு வாரம் கரையை விட்டு நகரக் கூடாது.

முதலில் மாட்டியது யார் தெரியுமா? விசில் ஊதிக்கொண்டு அடுத்தவரை விரட்டிப் போன அவரேதான். சட்டையெல்லாம் டீ.

போன ஞாயிறு பல் டாக்டர் படகும் தையல்கடைக்காரர் படகும் நட்ட நடு ஏரியில் முட்டிக்கொண்டன. இரண்டும் நடை வேகத்தில்தான் வந்தன. ஆனால் இருவர் கண்ணும் டம்ளர் மேலேயே இருந்திருக்கிறது. தண்ணீரில் விழுந்த தையல்கடைக்காரர், லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் மிதந்துகொண்டே, முட்டும் வரை தன் டீ ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று சாட்சிக்கு ஆள் கூப்பிட்டாராம்.

அன்று மாலையே ஏரிக்கரையில் சங்கக் கூட்டம். பத்தை ஐந்தாக்க வேண்டும் என்று பல் டாக்டர் குதித்தார். “அந்தப் பொண்ணு அன்னைக்குப் பறக்காம இருந்திருந்தா நமக்கு ஏன் இந்தத் தலைவலி?” என்று உன்னையும் இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் எழுவதற்குள் உன் அப்பா எழுந்துவிட்டார்.

“அவ மெதுவாத்தான் ஓட்டினா. கரையில நின்னவங்களுக்குக் கை காட்ட நான்தான் எழுந்து நின்னேன். படகு சாய்ஞ்சிடுச்சு. லைஃப் ஜாக்கெட்டை மடிச்சு கீழ போட்டு அது மேல உக்காந்திருந்தேன்” என்றார்.

ஏழு மாதம் இதை விழுங்கிக்கொண்டிருந்த மனிதரை அங்கேயே ஏரியில் தள்ளியிருப்பேன். கூட்டத்துக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார், தள்ளியும் பிரயோஜனமில்லை. உனக்கும் இது தெரிந்துதானே இருக்கும்? அவரைக் காட்டிக்கொடுக்காமல் பழியைச் சுமந்துகொண்டு பெட்டியைக் கட்டினாயே என்று அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

பலகையை எடுக்கவில்லை. கரையோரம் பிள்ளைகள் நீந்துகிறார்கள், பத்து இருக்கட்டும். டீ மட்டும் ஒழிந்தது. இனி எல்லாரும் ஜாக்கெட் போட வேண்டும், கண் தண்ணீரில் இருக்க வேண்டும்.

உன் படகுக்கு அவரே பெயிண்ட் அடித்துவிட்டார். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத நான்கு நாளாக உட்காருகிறார். ‘அன்புள்ள மகளுக்கு’ என்பதைத் தாண்டவில்லை. அவர் வேகம் அவ்வளவுதான். அந்தக் காகிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. மீதியை நீயே வந்து அவர் வாயால் கேட்டுக்கொள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா