இரண்டாம் நம்பர் மைக்

எம். புதுப்பட்டி,
14.9.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வெள்ளாடும் அதன் இரண்டு குட்டிகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், அந்த ஊர்க் குளிரில் அடிக்கடி கட்டிக்கொள்ளும் உன் தொண்டையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கதை சொன்னாரே, நீயும் அயர்லாந்தே அதிரும்படி சிரித்தாயே, அந்தக் கதையில் பாதி அவர் சொந்தமாகச் சேர்த்தது. நான் திருத்திச் சொல்லலாம் என்றால் போன் என் கைக்கே வரவில்லை. கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பக்கத்து வீட்டு பைரோஜாவின் மகள் நாதியா அடுத்த வாரம் உன் ஊருக்குப் படிக்க வருகிறாள் அல்லவா, அவள் பெட்டியில் இதையும் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தையும் வைத்து அனுப்புகிறேன். காராச்சேவை ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டு வயிறு எரிகிறது என்று போன் போடாதே.

முதலில் இந்த வேலையில் நான் ஏன் இறங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்திலிருந்தே எனக்குப் பகலில் கண் சொருகிக்கொண்டு வந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம், பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் ஷெட்டில் எல்லோரும் கை ஓயாமல் ஒட்டுகிறார்கள், நான் மட்டும் ஒட்டிக்கொண்டே தூங்குகிறேன். ஒருநாள் பசைத் தட்டுக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது. மணி அடித்ததும் எழுந்து வந்து வேன் ஏறினேன். வேனில் ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். வேன் ஓட்டுகிற உன் அப்பாவும் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன், என் நெற்றியில் மத்தாப்புப் பெட்டி லேபிள் ஒட்டியிருந்தது. பெரியவர்கள் மேற்பார்வையில் கொளுத்தவும் என்று அதில் அச்சடித்திருந்தது. மறுநாள் போர்மேன் சீனிவாசகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அய்யம்மா, லேபிள் செட்டுங்கிறதால நெத்தியோட போச்சு. பட்டாசுக் கம்பெனியில கண்ணு சொக்குறவங்கள வச்சிருக்க முடியாது. இன்னொரு தடவை பாத்தேன்னா வீட்டுலயே இருந்துக்க வேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இருபது வருஷம் உட்கார்ந்த இடம், அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

எனக்கு ஏன் பகலில் தூக்கம் வருகிறது என்றால் ராத்திரி தூக்கம் இல்லை, ராத்திரி தூக்கம் ஏன் இல்லை என்றால் உன் அப்பாவின் குறட்டை. இப்படித்தான் நான் முடிவு கட்டியிருந்தேன். அவரிடம் சொன்னால், "நானா? என் சென்மத்துல விட்டதில்ல" என்று ஒரே போடாகப் போட்டார். போனில் பதிவு செய்து காட்டினால் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, இது மின்விசிறிச் சத்தம் என்றார். அப்போதுதான் பீரோ மேல் நீ விட்டுப்போன அந்தச் சின்ன ஒலிப்பதிவு மிக்சர் ஞாபகத்துக்கு வந்தது. நீ கதை வாசித்துப் பதிவு செய்யும்போது பூனை நடந்தால்கூட அதில் கேட்டதே, உன் அப்பா எம்மாத்திரம் என்று இறக்கித் தூசி தட்டினேன். பெட்டிக்குள் இரண்டு மைக், ஹெட்போன், வயர்கள், நீ கைப்பட எழுதி வைத்த தாள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் மைக் ஒன்று, மைக் இரண்டு, சிவப்பு எரிந்தால் குறை என்று நீ துணி டேப்பில் எழுதி ஒட்டியிருந்ததால் எனக்குக் கஷ்டமே இல்லை. ஒரே ஒரு பொத்தானில் மட்டும் நாற்பத்தெட்டு வோல்ட் என்று போட்டிருந்தது. மைக்குக்கு இது கட்டாயம் என்று நீ தாளில் எழுதியிருந்தாய், இருந்தாலும் தலைமாட்டில் மைக்கை வைத்துக்கொண்டு படுக்கிற மனுஷனுக்கு நாற்பத்தெட்டு வோல்ட் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோபம் இருந்தது, அந்த அளவுக்கு இல்லை. அதனால் அந்தப் பொத்தானைத் தொடாமலே பதிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் நீட்டியதும் ஆரம்பித்து, அவர் எழுந்திருக்கும் வரைக்கும் அடுப்படியிலிருந்து அசையவில்லை. போட்டுப் பார்த்தால் நாற்பது நிமிஷமும் மயான அமைதி. உன் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷத்தையும் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பாத்தியா, கைப்புள்ள கணக்கா தூங்கியிருக்கேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் நான் உனக்கு போன் போட்டு, அந்த வோல்ட் ஆள்மேல் பாயுமா என்று கேட்டேன். அது மைக்குக்கு மட்டும்தான் போகும், ஆளை ஒன்றும் செய்யாது என்றாய். எதற்குக் கேட்கிறாய் என்றதற்குச் சும்மாதான் என்றேன்.

அடுத்த ஞாயிறு அந்த வோல்ட் பொத்தானையும் அழுத்தி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். மைக் ஸ்டாண்டு உடைந்து கிடந்ததால் பழைய குடத்தில் மணலை நிரப்பி, குழம்புக் கரண்டியை அதில் நட்டு, மைக்கைச் சணல் கயிற்றால் கரண்டியோடு கட்டினேன். மின்விசிறியை நிறுத்தினேன். ஆட்டையும் குட்டிகளையும் பைரோஜா வீட்டுக் கொல்லையில் கட்டிவிட்டு வந்தேன். உன் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர், "எனக்கு மட்டும் வச்சா எப்பிடி? உனக்கும் ஒண்ணு வையி. நியாயம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல" என்றார். நான் தூங்கினால்தானே என்ற தைரியத்தில் சரி என்று என் பாய்க்குப் பக்கத்திலும் ஒரு குடம், ஒரு தோசைக் கரண்டி, ஒரு மைக் வைத்தேன். நீ எழுதியிருந்தபடி ஒவ்வொரு மைக்கிலும் பேசி, சிவப்பு எரியாத அளவுக்குத் திருகைச் சரிசெய்தேன். ஒன்றில், "இது ஒண்ணாம் நம்பரு, குத்தவாளி மைக்கு" என்றேன். இன்னொன்றில், "இது ரெண்டாம் நம்பரு, அய்யம்மா மைக்கு" என்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சும்மா கொஞ்சம் தலையைச் சாய்த்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது உன் அப்பா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

நடுநிலையாக ஒரு ஆள் வேண்டும் என்று பைரோஜாவைக் கூப்பிட்டு வந்து, டிவிக்கு வைத்திருக்கிற ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் சொருகி, மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஓடவிட்டதும் வந்தது பார் ஒரு சத்தம்! கல் ஏற்றிய லாரி வெம்பக்கோட்டை அணைக்கரையில் மேடு ஏறுகிற மாதிரி, நடுநடுவே கியர் மாற்றுகிற மாதிரி, ஸ்பீக்கர் மேல் இருந்த பிளாஸ்டிக் பூ நடுங்கியது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். "கேட்டீகளா? இப்ப என்ன சொல்றீக? இதுல எப்பிடி ஒரு பொம்பள தூங்குவா?" என்று கேட்டேன். உன் அப்பா காப்பியைக் குடித்துக்கொண்டே இருந்தார். பைரோஜாதான் மிக்சரைக் குனிந்து பார்த்து, "அக்கா, இதுல தனித்தனியா குறைக்கலாம்ல?" என்று ஒன்றாம் நம்பர் திருகைக் குறைத்தாள். லாரி அப்படியே ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பழையபடி கூட்டிவிட்டு இரண்டாம் நம்பரைக் குறைத்தாள். லாரி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது, அதற்குப் பின்னால் மெல்லிசாக உன் அப்பா குரல் தூக்கத்தில், "விலக்கு ஸ்டாப்பு யாரு இருக்கீக, பாத்து எறங்குங்க, லஞ்சு பையி விட்டுறாதீக" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பாவம், ஞாயிற்றுக்கிழமையும் வேன் ஓட்டியிருக்கிறார்.

வயரை மாற்றிச் சொருகிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். பைரோஜா ஆரம்பத்திலிருந்து போட்டாள். இது இரண்டாம் நம்பர், அய்யம்மாள் மைக் என்று நானே கணீரென்று சொல்லியிருந்தேன். உன் அப்பா சிரித்துச் சிரித்துப் பாயில் உருண்டார், புரை ஏறித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். இதுவரைக்கும்தான் அவர் உனக்குச் சொன்னது. இதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை, நீ பயப்படுவாய் என்று விட்டிருப்பார். சிரிப்பு நடக்கும்போதே லாரிச் சத்தம் திடீரென்று நின்றது. பதிவு தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், ஆனால் மிக்சரில் நிமிஷம் காட்டும் நம்பர் ஓடிக்கொண்டே இருந்தது. பைரோஜா வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். இருபத்துமூன்று வரைக்கும் எண்ணினாள். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிறவள் மாதிரி நான் ஒரு மூச்சு இழுத்தேன், லாரி மறுபடியும் கிளம்பியது. "அல்லாவே, அக்கா மூச்சு விடலையே" என்று பைரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி அந்த ஐம்பது நிமிஷப் பதிவில் பதினேழு தடவை. உன் அப்பா சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வேனை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு என்னை விருதுநகருக்கு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனார். மிக்சரை ஒயர் கூடையில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார், பஸ்ஸில் பக்கத்து ஆள் ரேடியோவா என்று கேட்டதற்கு, "இல்ல, எம் பொண்டாட்டி" என்றார். டாக்டர் ஹெட்போனை மாட்டி இரண்டு நம்பரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, குறட்டை கேசுக்கு எல்லோரும் வாயால்தான் சொல்வார்கள், இப்படி ஆள்வாரியாகப் பிரித்துக் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான் என்றார். அப்புறம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம், அதனால்தான் பகலில் அப்படிக் கண் சொருகுகிறதாம், என்னை எழுப்பியது உன் அப்பா இல்லை, நானேதானாம். மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு காற்று மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மாட்டினால் பிள்ளையார் மாதிரி இருக்கிறேன், நீ படம் கேட்டால் அனுப்பமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். உடம்பையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பத்து நாளாகிறது, பகலில் கண் ஒரு தடவைகூடச் சொருகவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டிய பிறகு சீனிவாசகம் என்னைப் பத்து நாளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்றுப் பக்கத்தில் வந்து, "லேபிள் கட்டுக் கணக்கு முந்தியவிட ஏறியிருக்கே. இனிமே பயமில்ல, இரு" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்து, அந்தப் பதிவு மிசினை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரமுடியுமா, எங்கள் வீட்டிலும் ஒரு கேஸ் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். நீயும் உன் தூக்கத்தை ஒருநாள் பதிவு செய்து பார். நீ உன் அப்பா மகள் என்று எல்லோரும் சொன்னாலும் மூக்கு என்னுடைய மூக்கு.

இப்போது ஒரு புதுத் தொல்லை. நான் சத்தமில்லாமல் தூங்க ஆரம்பித்ததும் உன் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. புரண்டு புரண்டு படுக்கிறார், கண் சிவந்து கிடக்கிறது, வேன் ஓட்டுகிற மனுஷன் இப்படி இருக்கலாமா. என்னவென்று உட்கார்த்திவைத்துக் கேட்டேன். "இருபத்தேழு வருசமா அந்தச் சத்தத்துலதான் தூங்குறேன். சத்தம் நின்னா முழிப்பு வந்துரும், உன்னப் பாப்பேன். திரும்ப வந்துச்சுன்னா தூங்கிருவேன். இப்ப சத்தமே இல்ல, எப்பிடித் தூங்குறது?" என்றார். ஏன் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் உங்களை அம்புட்டுத் திட்டினேனே என்றேன். "சொன்னா நீ வெக்கப்பட்டு முழிச்சுக் கெடப்ப. நாள் பூரா உக்காந்து ஒட்டிட்டு வர்றவ" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். அன்று ராத்திரி நானே அந்த மிக்சரை அவர் தலைமாட்டில் வைத்து, ஒன்றாம் நம்பரை முழுசாகக் குறைத்து, இரண்டாம் நம்பரை அளவாக வைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே, நாதியாவுக்குப் புது ஊர், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள். நம் வீட்டுச் சாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நினைத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதிவு ஐம்பது நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, முடிந்ததும் உன் அப்பா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார். அதை முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓடவைக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று உன் தாளில் இல்லை. அதை மட்டும் உடனே எழுது.

இப்படிக்கு, உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
கோ. அய்யம்மாள்